இடிக்குமுன் அளந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் வாழும் என் சகோதரியின் மகன், பருத்தித்துறையில் எங்கள் அம்மாவின் வளவில் மீண்டும் ஒரு நாற்சார் வீடு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சாய்ந்த கூரையோடு சார் இறக்கிய வீடு, கட்ட ஆசைப்படுகிறான். சென்ற மாதம் செயற்கை நுண்ணறிவிடம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு வேண்டும் என்று கேட்டு, அது வரைந்த எட்டுப் படங்களை எனக்கு அனுப்பினான்.

அழகான படங்கள்தான். ஆனால் எட்டும் கேரளத்து நாலுகெட்டு வீடுகள். செங்குத்தான கூரை, செதுக்கிய மர முகப்பு, முற்றத்தில் தாமரைத் தொட்டி. தெருவால் போகிறவர் அமர்ந்து இளைப்பாறும், கூரை போட்ட வாசலான சங்கடப்படலை ஒன்றில்கூட இல்லை. நான்கு சார்களிலிருந்தும் முற்றத்தில் கொட்டும் மழைநீர் வெளியேற வழியும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெய்யும் மழையைக் கண்டவர் அப்படி வரையமாட்டார். நான் பிறந்த வீட்டில் மூலைக்கு மூலை கூரைநீரை இறக்கும் பீலி இருந்தது. அதன் கீழே அம்மா கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தை வைப்பார். நிரம்பி வழிந்த தண்ணீர் விறாந்தைக்கு அடியால் ஓடி வாழைப் பாத்தியில் சேரும். அந்த வாய்க்காலின் சரிவை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பார்த்த படங்களிலிருந்துதான் அது கற்கிறது. எங்கள் வீடுகளோ யாரும் வரைந்து வைப்பதற்குள் போரில் இடிந்தன. 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியை விட்டு வெளியேறியவர்களில் பலர் திரும்பி வந்து கண்டது கிணற்றையும் அத்திவாரத்தையும்தான். தப்பிய வீடுகளிலும் கூரையிலுள்ள முதிர்ந்த பனஞ்சிலாகைகளைக் கழற்றி விற்றுவிட்டுச் சீமெந்துத் தட்டு போடுகிறோம். இப்படியே போனால் எங்கள் பேரப்பிள்ளைகள் நாலுகெட்டைப் பார்த்துப் பாட்டன் வீடு என்பார்கள். அதைப் பார்த்து அவர்கள் கட்டும் வீடுகளின் படங்களே மறுபடி இயந்திரத்துக்குப் பாடமாகும்.

இதே தொழில்நுட்பத்தை நல்ல வேலைக்கும் வைக்கலாம். வீட்டைச் சுற்றிவந்து கைபேசியில் எடுத்த படங்களை இணைத்து முப்பரிமாண வடிவம் ஆக்கக் கணினியால் முடியும். கூடவே நாடாவால் எடுத்த அளவுகளும் தீராந்தி, சிலாகை, பீலி, தலைவாசல் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரும் சேர வேண்டும். அப்பெயர்களைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் மரவேலை செய்யும் இரண்டு ஓடாவிகளே இருக்கிறார்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஆகவே பிரதேச சபைகளிடமும் நகர சபைகளிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட அனுமதி கேட்டு வருவோரிடம், இடிக்குமுன் ஒரே ஒரு நாள் அளவெடுக்க விடும்படி சொல்லுங்கள். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களை அனுப்புங்கள்.

தெருவுக்கு மேலே கூரையிட்டுக் கட்டிய எங்கள் ஊர்த் தெருமூடி மடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டின் கூரையைத் தைப்பொங்கலுக்குப் பின் பிரிக்கப் போகிறார்கள். உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். 36 ஆண்டுகள் படம் வரைந்த கை இது, இன்னும் நடுங்கவில்லை. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு மாணவர்கள் வந்தால் போதும்.

ஓய்வுபெற்ற படவரைஞர்,
பருத்தித்துறை