மூட்டுவலி உள்ளவங்க கவனத்துக்கு

வணக்கம். பனி இறங்கினாலே முட்டி பிடிக்குதுன்னு கோத்தகிரி, குன்னூர் பக்கம் பலரும் சொல்றீங்க. ஊட்டிக்கு பஸ் ஏறி இறங்கறதே பெரும்பாடு. வீட்டிலேயே கத்துக்க ஒண்ணு இருக்கு: யூடியூப்ல 'ஆர்த்ரைட்டிஸ் யூகே'ங்கிற (முன்னாடி 'வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ்'னு பேரு) பிரிட்டன் அமைப்போட 'லெட்ஸ் மூவ் வித் லியான்' உடற்பயிற்சித் தொடர். இலவசம். பேச்சு இங்கிலீஷ்தான், புரியாட்டி பிள்ளைகளைப் பக்கத்துல வச்சுக்கோங்க.

முட்டித் தேய்மானத்துக்கு அளவான உடற்பயிற்சியே முக்கிய சிகிச்சை, அசையாம இருந்தா தசை இளைச்சு வலி கூடும். ஆனா கொழுந்து பறிக்கிற அக்காமார் கவனிங்க: விரல் மூட்டு வீங்கி, காலையில அரைமணிக்கு மேல விறைப்பா இருந்தா அது முடக்குவாதமா (உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கற நோய்) இருக்கலாம். வீடியோ போதாது, தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க. அரசோட 'இசஞ்சீவனி' (eSanjeevani) ஆப்ல வீடியோ கால்லயே இலவசமா முதல் ஆலோசனை கேக்கலாம். போன்ல போட்டுத் தர ஆள் வேணும்னா இங்கேயே கேளுங்க.