இரண்டாண்டுக்கு ஒரு முட்டை

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். இத்தனை மாத மௌனத்துக்கான வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சொல்ல வேண்டிய செய்தி வேறு.

சில வாரங்களாக நான் படிப்பதெல்லாம் தென்கடல்களில் அலையும் பேரல்பட்ராஸ் (wandering albatross) என்ற கடற்பறவையைப் பற்றித்தான். "போன வருஷம் எறும்பு, இந்த வருஷம் இதுவா?" என்று நீ சிரிப்பது தெரிகிறது, சித்தப்பாவும் அதையேதான் கேட்டார். விரித்த சிறகுகள் மூன்றரை மீட்டர் வரை நீளும் பறவை இது. அவற்றை விரித்தபடியே நிறுத்திவைக்கத் தோளில் ஒரு தசைநார்ப் பூட்டு இருப்பதாலும், அலையை ஒட்டி மெதுவாகவும் மேலே செல்லச் செல்ல வேகமாகவும் வீசும் காற்றின் வேறுபாட்டிலிருந்தே விசை பெறுவதாலும், பெரும்பாலும் சிறகடிக்காமலேயே அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிடுகிறது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதன் இனப்பெருக்கம். தெற்கு ஜார்ஜியா, குரோசே, மரியன் போன்ற தீவுகளில், அங்கே கோடையான டிசம்பர், ஜனவரி வாக்கில் ஒரு ஜோடி ஒரே ஒரு முட்டையிடுகிறது. இருவரும் மாறி மாறி ஏறத்தாழ 11 வாரம் அடைகாத்த பிறகு பிறக்கும் குஞ்சு, கொடுங்குளிர்காலம் முழுவதும் கூட்டிலேயே அமர்ந்து, 9 மாதம் போல வளர்கிறது. ஒரு குஞ்சை ஆளாக்கவே ஓராண்டு கழிந்துவிடுவதால், அதில் வென்ற ஜோடி அடுத்த பருவத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த பருவத்தில்தான் மீண்டும் முட்டையிடுகிறது. பறந்துபோன குஞ்சோ பல ஆண்டுகள் கரையையே மிதிக்காது. திரும்பி வந்தும் துணை தேடி ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஏறக்குறைய 10 வயதில்தான் முதல் முட்டை. பெண் பார்க்கும் படலத்தை நீட்டிக்கொண்டே போன உனக்கும் இதற்கும் தூரத்து உறவு இருக்க வேண்டும்.

கேலி போதும். ஆயிரக்கணக்கில் இரை கோத்த முட்கள் தொங்கும் நீண்ட கயிறான ஆயிரங்கால் தூண்டிலைக் கப்பலிலிருந்து இறக்கும்போது, இரை நீரில் அமிழ்வதற்குள் இப்பறவை அதைக் கவ்வி, முள்ளில் சிக்கி, கயிற்றோடு இழுபட்டு மூழ்கிச் சாகிறது. சாவது ஒன்றுதான் என்றாலும், தனித்து விடப்பட்ட துணையால் குஞ்சைக் காப்பாற்ற முடியாது. அது புதுத் துணை தேடவே சில ஆண்டுகள் போய்விடும். பெண் பறவைகள் ஆண்களைவிட வடக்கே, சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் மிகுந்த நீர்ப்பரப்புகளுக்குப் போவதால், அவைதான் அதிகம் மடிகின்றன. மரியன் தீவில் சுண்டெலிகள் குஞ்சுகளை உயிரோடு கொறிப்பது தனிக் கடிதத்துக்குரிய கொடுமை.

எனக்குக் கோபம் வருவது ஏனென்றால், தீர்வு எளியது. இரவில் தூண்டில் இறக்குவது, கயிற்றில் எடை கட்டுவது, கப்பலின் பின்புறம் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றைப் பறக்கவிட்டுப் பறவைகளை விரட்டுவது, அவ்வளவுதான். தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றிய மீன்பிடிப்பில் இவற்றைக் கட்டாயமாக்கி, பெரும்பாலான கடற்பறவைகள் கூடு கட்டும் பருவமான கோடையில் தூண்டில் போடுவதையும் நிறுத்தியபின், அங்கே அல்பட்ராஸ் சாவு ஏறத்தாழ நின்றேவிட்டது. ஆயினும் அத்தீவின் பறவைகள் குறைந்துகொண்டுதான் வந்திருக்கின்றன, ஏனெனில் அவை இரை தேடும் கடல் அந்த எல்லையோடு முடிவதில்லை.

உன் மைத்துனர் சூரைக் கப்பலில்தானே இருக்கிறார்? அங்கே இரவிலா பகலிலா தூண்டில் இறக்குகிறார்கள், நாடாக் கயிறு கட்டுகிறார்களா என்று கேட்டு எழுது. அவர் சிரித்தால் சிரிக்கட்டும், பதிலை மட்டும் விடாதே.

அன்புடன்,
உன் பழைய தொல்லை