யார், யாரை, யாருக்கு: ஜெர்மன் இலக்கணத்துக்கு ஆங்கிலம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, ஜெர்மன் இலக்கணம் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தண்ணி காட்டும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த 'ஏ'காரத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் அது தண்ணி காட்டும் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருஷமாக நர்ஸ். பன்னிரண்டாவது வரை வலங்கைமான் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். இரண்டு வருஷமாக சனி, ஞாயிறு தஞ்சாவூருக்கு பஸ் ஏறி ஜெர்மன் கிளாஸ் போகிறேன். பி1 என்கிற நடுத்தர நிலைத் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 60 வாங்க வேண்டும். எழுதும் பகுதியில் ஒருமுறை கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறி, இப்போது அதற்கு அடுத்த நிலையான பி2வுக்குப் படிக்கிறேன். நர்ஸாகப் பதிவு செய்ய அங்கே பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள்.

எங்கள் கிளாஸில் பாடம் நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும், அதை ஜெர்மனுக்கு மாற்ற வேண்டும். டைரக்ட் ஆப்ஜெக்ட் என்றால் என்ன, இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று ஆங்கில இலக்கணத்தை ஒரு மணி நேரம் நடத்திவிட்டு, அதற்கப்புறம் ஜெர்மன். வகுப்பில் இருக்கிற இருபது பேரில் முக்கால்வாசி எங்களை மாதிரி கிராமத்துப் பிள்ளைகள், மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி என்று வருகிறவர்கள். ஒரு மொழி கற்கப் பணம் கட்டிவிட்டு இரண்டு மொழியோடு மல்லுக்கட்டுகிறோம். தமிழில் பேசினால் பத்து ரூபாய் ஃபைன் வேறு. சொல்லித்தருகிற மேடம் நல்லவர்தான், அவரும் அப்படித்தான் படித்தார், அதனால் அவரைக் குறை சொல்லவில்லை.

எனக்கு விஷயம் புரிந்தது கிளாஸில் இல்லை, நைட் டியூட்டியில். அன்றைக்கு என் பயிற்சித் தாளில் 'இஷ் பின் கால்ட்' என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் வாங்கியிருந்தேன். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' சரியென்றால் இது ஏன் தப்பு என்று குழம்பிக்கொண்டே வார்டில் சுற்றுகிறேன். அதை அப்படியே ஜெர்மன்காரரிடம் சொன்னால், நான் சில்லிட்டுக் கிடக்கிறேன் அல்லது கல்நெஞ்சக்காரி என்பதுபோல ஆகிவிடுமாம். ராத்திரி இரண்டு மணிக்கு திருப்பனந்தாள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "எனக்குக் குளிருதும்மா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றார். எனக்கு! நான் இல்லை, எனக்கு. ஜெர்மனில் சரியான வாக்கியம் 'மீர் இஸ்ட் கால்ட்'. மீர் என்றால் எனக்கு. அவ்வளவுதான் விஷயம். போர்வையைப் போர்த்திவிட்டு வந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தலை வலிக்கிறது: 'மீர் டூட் டெர் கொப்ஃப் வே.' எனக்குத் தலை சுற்றுகிறது: 'மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்.' எனக்குக் குமட்டுகிறது: 'மீர் இஸ்ட் ஷ்லெஷ்ட்.' இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தப் பை எனக்குச் சொந்தம், எல்லாவற்றுக்கும் 'மீர்'தான். ஒரு நோயாளி நர்ஸிடம் சொல்கிற வாக்கியங்களில் பாதி இந்த அச்சில்தான் வருகின்றன, அது வலங்கைமானில் எல்லோருக்கும் பிறவியிலேயே தெரிந்த அச்சு. ஆங்கிலக்காரர் 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' என்று தலைவலியைச் சொத்து மாதிரி வைத்திருப்பார், அதை வழியாக வைத்துக்கொண்டு 'மீர்' ஊருக்குப் போனால் சுற்றித்தான் போக வேண்டும்.

அப்புறம் வேற்றுமை. ஜெர்மனில் நாலு வேற்றுமை, ஆங்கிலம் பேசுகிறவர்கள் அழுகிற இடம் இது. ஏனென்றால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்திலும் உருபுகள் இருந்தன, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன, இப்போது ஹீ, ஹிம், ஹிஸ் என்று சில மட்டும் மிச்சம். நமக்கு எட்டு வேற்றுமை. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று தமிழய்யா பிரம்பை வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னதை யார் மறந்தார்கள்? ஜெர்மன் பிள்ளைகளே தங்கள் பள்ளிக்கூடத்தில் வேற்றுமையைக் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வேர் என்றால் யார், வேன் என்றால் யாரை, வேம் என்றால் யாருக்கு, வெஸ்ஸன் என்றால் யாருடைய. வேர், வேன், வேம்பு என்று மனப்பாடம் செய்தேன், இன்றுவரை மறக்கவில்லை. யாரை, யாருக்கு என்கிற வித்தியாசத்தை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க டைரக்ட், இன்டைரக்ட் என்று எதற்கு ஒரு மணி நேரம்? மூன்று வயதுக் குழந்தை 'அம்மாவைக் குடு' என்றா சொல்கிறது, 'அம்மாவுக்குக் குடு' என்றுதானே.

உதவி செய்வதற்கு ஹெல்ஃபன் என்று ஒரு வினைச்சொல். ஆங்கில வழியில் போனவர்கள் 'ஹெல்ப் மீ' என்பதை வைத்து யாரை என்று நினைத்துத் தப்பாக எழுதுவார்கள். தமிழில் உனக்கு உதவுகிறேன், ஜெர்மனிலும் உனக்குத்தான். நன்றி சொல்வதும் அப்படியே. ஆனால் எல்லாம் இப்படி ஒத்துப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் உனக்கு போன் பண்ணுகிறேன், ஜெர்மனில் உன்னை அழைக்கிறேன் என்று வரும், அதில் இரண்டு மார்க் போனது. நாம் உன்னை நம்புகிறேன் என்போம், அவர்கள் உனக்கு நம்புகிறேன் என்பார்கள். வேற்றுமைக்கு எண் போடுவதிலும் ஒரு சிக்கல், நமக்கு இரண்டாம் வேற்றுமையாக இருப்பது அவர்கள் கணக்கில் நாலாவது, நமக்கு நாலாவது அவர்களுக்கு மூன்றாவது. எண்ணை விட்டுவிட்டு யாரை, யாருக்கு என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் இல்லை.

வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அதைவிடச் சிரிப்பு எதுவும் இல்லை. 'அவள் நாளைக்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும்' என்பதில் அந்த 'என்று'வை மட்டும் தூக்கி முன்னால் வைத்துவிட்டால், அப்புறம் சொற்கள் அதே வரிசைதான்: 'டாஸ் ஸீ மார்கன் கொம்ட்', என்று அவள் நாளைக்கு வருகிறாள். வைல் என்று ஒரு சொல், ஏனென்றால் என்று அர்த்தம், அது வந்தாலும் வினை கடைசிக்குப் போகும். எங்கள் அப்பா பேசுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருஷமெல்லாம் அவர் வாயில் ஒரே பேச்சு, "தண்ணி லேட்டா வந்ததால குறுவை போடல." தண்ணி, லேட்டா, வந்ததால. ஜெர்மனில் 'வைல் டாஸ் வஸ்ஸர் ஷ்பேட் காம்', தண்ணீர், தாமதமாக, வந்தது. அப்பாவுக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது, வரிசை மட்டும் சரியாக இருக்கிறது. 'வர முடிந்தது' என்பதில் வர முன்னால், முடிந்தது பின்னால், ஜெர்மனில் வைல் வந்தால் 'கொம்மன் கொன்டெ' என்று அதே முன், அதே பின். ஆங்கிலத்தில் 'குட் கம்' என்று தலைகீழ். தனி வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும், அது நமக்குக் கொஞ்சம் பழகணும்தான். அங்கேயும் 'நாளைக்கு வர்றேன் நான்' என்று நாம் பேசுவதில்லையா, 'மார்கன் கொம்மெ இஷ்' அதே வரிசை. ஆங்கிலம் வழியாக வந்தவர்கள்தான் நாளைக்கு, நான், வருகிறேன் என்று அடுக்கிச் சிவப்பு வட்டம் வாங்குகிறார்கள்.

பி2வுக்கு வந்தால் இன்னொரு பூதம் காட்டுவார்கள். 'ஐந்து மணிக்கு வந்த ரயில்' என்பதை ஆங்கிலத்தில் ரயில் முதலில், மிச்சம் பின்னால் என்றுதான் சொல்ல முடியும். ஜெர்மனில் எழுத்து நடையில் நம்முடைய பெயரெச்சம் மாதிரியே எல்லாவற்றையும் ரயிலுக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். மேடம் இதற்கு மூன்று வகுப்பு எடுத்தார். பெயரெச்சம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஃபைன் பத்து ரூபாயை நானே கட்டியிருப்பேன்.

மரியாதைக்கும் இதே கதை. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ'. முன்பின் தெரியாத எண்பது வயது நோயாளியை நீ என்று கூப்பிடக் கூடாது என்று கும்பகோணத்து நர்ஸுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டாக்டர்களைச் சொல்கிற விதத்தையும் பாருங்கள், ஆங்கிலத்தில் ஆப்தல்மாலஜிஸ்ட், டெர்மடாலஜிஸ்ட், பீடியாட்ரிஷியன் என்று நாக்கு சுளுக்கும். ஜெர்மன்காரர் கண் டாக்டர், தோல் டாக்டர், குழந்தை டாக்டர், பல் டாக்டர் என்று நம்ம ஊர் ரிக்‌ஷாக்காரர் மாதிரியே சொல்கிறார். கிளவுஸுக்கு ஹாண்ட்ஷூ, கைச்செருப்பு! நாம் கையுறை என்கிறோம், அவர்கள் செருப்பு வரை போய்விட்டார்கள்.

சரி, தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. டெர், டீ, டாஸ் என்று ஆண்பால், பெண்பால், ஒன்றன்பாலுக்கு ஏற்ப ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒன்று ஒட்டிக்கொள்ளும். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். நமக்கு உயிரில்லாதது எல்லாம் அஃறிணை என்று ஒரே மூட்டை. சிறுமி என்று பொருள்படும் 'மேட்ஷென்' என்கிற சொல்லையே அஃறிணை மாதிரி வைத்திருக்கிறார்கள், அந்த ஷென் என்கிற ஈறு வந்தால் எதுவும் டாஸ்தானாம். இதில் ஆங்கிலமும் உதவாது, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். நல்ல என்கிற அடைமொழி ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கு ஒரு வால் என்று மாறுவது இன்றும் எனக்குத் தகராறு. எண்கள் இன்னும் மோசம், இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்று சொல்வார்கள், போனில் மருந்தளவு சொல்லும்போது 25ஆ 52ஆ என்று நர்ஸுக்கு வியர்த்துவிடும். ஆங்கிலம் உதவுவது சொற்களில். ஹாண்ட், ஃபிங்கர், வஸ்ஸர், ப்ளூட், ஹவுஸ் எல்லாம் ஆங்கிலத்தின் பங்காளிகள்தான். சொல்லுக்கு ஆங்கிலம் இருக்கட்டும், இலக்கணத்துக்குத் தமிழைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் தரங்கம்பாடி. 1706இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்கிற கிறிஸ்தவ மதபோதகர் ஜெர்மன்காரர்தான், டேனிஷ் அரசர் அனுப்பி வந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்று சொல்வார்கள். தமிழ் இலக்கணம் ஒன்று எழுதி 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சிட்டார், அதை லத்தீனில் எழுதினார். அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களுக்கெல்லாம் லத்தீன் தெரியும், லத்தீனில் வேற்றுமை உண்டு. தன் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணத்தில் தமிழை ஏற்றிக் கொடுத்தார். முந்நூறு வருஷம் கழித்து அதே கரையில், அதே இரண்டு மொழிகளுக்கு நடுவில், நாம் இங்கிலாந்து வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. வாரம் ஒருநாள் அரைப் பக்கம் போதும், நன்னூலும் தெரிந்து ஜெர்மனும் தெரிந்த யாராவது ஒருவரைப் பிடித்து, ஜெர்மன் இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியாக எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் நான்காம் வேற்றுமை. உதாரண வாக்கியங்கள் வேண்டுமென்றால் எங்கள் வார்டுக்கு வரச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்க 'எனக்கு, எனக்கு' என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
கும்பகோணம்.