கோட்டைக்குள் தங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ராஜஸ்தான் பாலைவன நகரமான ஜெய்சல்மேர் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, ஒட்டகச் சவாரி பற்றி எழுதியதும் சரி. ஆனால் கோட்டைக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கினால்தான் ஊரை முழுசாக ரசிக்க முடியும் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

1156இல் ராவல் ஜைசல் என்ற ராஜபுத்திர மன்னர் எழுப்பிய கோட்டை அது. தூரத்திலிருந்து பார்க்க என்றைக்கும் அசையாது என்று தோன்றும், ஆனால் அடியில் இருப்பது நம் ஊர்க் கருங்கல் மலை இல்லை, தண்ணீர் பட்டால் இளகிவிடும் மென்மையான படிவுப் பாறை. குடங்களில் சுமந்து வந்த தண்ணீரை அளந்து செலவழித்த காலம் வரை அதனால் தொல்லை இல்லை. குழாய் வந்தது, கழிவறை வந்தது, பிறகு விடுதிகள் வந்தன, இத்தனை தண்ணீரும் சரியான வடிகால் இல்லாமல் அடித்தளத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. 1998இல் வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு இதுவும் சேர்ந்தது, ஆனால் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் கசிவு நின்றுவிடுமா? பரம்பரையாக உள்ளேயே வாழும் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வீடு. ரெண்டு நாள் தங்கப் போகிற நமக்கு அங்கேதான் குளிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அப்புறம் வரலாறு. 'பழைய வணிக நகரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குஜராத், மாளவம், தில்லிப் பக்கமிருந்து இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்துவுக்கும் முல்தானுக்கும் போன ஒட்டகக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் போயின, அரசனுக்கு முக்கிய வருமானமே அந்தச் சுங்கம்தான் (ஆரம்பத்தில் கொள்ளையும் உண்டு, சுல்தானின் பொருள்களைக் கொள்ளையடித்ததால்தான் அலாவுதீன் கில்ஜியின் படை வந்தது என்று அங்கே சொல்வார்கள்). சுங்கம் அரசனுக்குப் போனாலும் ஊரில் காசு புரண்டது சமண, மகேஸ்வரி வணிகர்கள் கையில். பட்வா குடும்பத்தின் ஐந்து ஹவேலிகளை (மாளிகை வீடுகளை) பார்த்தால் இது புரியும். குமான் சந்த் பட்வா 1805 வாக்கில் கட்ட ஆரம்பித்தது, மகனுக்கு ஒன்றாக ஐந்து. சரிகை வியாபாரம், வட்டித் தொழில், அதோடு அபின். மாளவத்து அபினைப் பிரிட்டிஷார் கையில் இருந்த பம்பாய்க்குக் கொண்டுபோகாமல் பாலைவனம் வழியாகக் கராச்சிக்குக் கடத்திய காலம் அது. 1843இல் சிந்துவையே பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டதும் அந்த வழி அடைபட்டது. பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் மிச்ச வணிகத்தை இழுத்துக்கொண்டன, 1947இல் எல்லைக்கோடு விழுந்ததோடு எல்லாம் முடிந்தது. 1885இல் எழுந்த நத்மல் ஹவேலி ஒரு திவானின் வீடு என்பதைக் கவனியுங்கள், அப்படிச் செலவழிக்க அப்போது எந்த வணிகரிடம் பணம் இருந்தது! அந்தக் கல் வேலைப்பாடு எல்லாம் இன்றைக்கும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம்கூட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லாமல் போனதுதான் என்பது என் கணிப்பு.

ஜெய்சல்மேர் பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் குல்தாராவைப் 'பேய் கிராமம்' என்று அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திவான் சலீம் சிங்குக்குப் பயந்து 84 கிராமங்கள் ஒரே இரவில் காலியான கதை கேட்க நன்றாக இருக்கிறது, சரி. அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வார்த்தை வேண்டாமா? மேட்டு நிலத்தில் பெய்கிற கொஞ்ச மழையும் ஓடிவந்து தாழ்வான வயலில் நிற்கும்படி நீளமான மண்கரை போட்டு, தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தவர்கள் அவர்கள். 'கடீன்' என்று பெயர், இப்போதும் அந்தப் பக்கம் அதே முறையில் பயிர் செய்கிறார்கள். ஊர் காலியானதற்கு வரிக்கொடுமை, கிணறுகள் வற்றியது, நிலநடுக்கம் என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பேயை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு வருத்தம், கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களின் ஞான பண்டாரம் கட்டுரையில் இல்லவே இல்லை. பழைய ஓலைச்சுவடிகளை நூற்றாண்டுகளாகக் காத்துவரும் நூலகம் அது. கரையானோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டிச் சுவடிகளைக் காப்பாற்றிய நம் ஆட்களுக்கு அந்த வறண்ட காற்றைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். கோட்டைக்கு வெளியே, அதைப் பார்த்தபடியே மொட்டைமாடி உள்ள விடுதிகள் நிறைய இருக்கின்றன. சாயங்கால வெயிலில் கோட்டை பொன்னாக மின்னும் என்கிறோமே, அது வெளியே இருந்தால்தானே கண்ணில் படும்? வெளியே தங்கி, காலையில் சீக்கிரமே உள்ளே போய்க் கோயில்களைப் பார்த்துவிட்டு வரலாம். டிசம்பர் விடுமுறைக்குப் பலர் இப்போதே டிக்கெட் போட்டிருப்பார்கள், அதனால் அடுத்த இதழிலேயே இதை ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், கோயம்புத்தூர்