கிலோவை யார் தீர்மானிப்பது? மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவின் சம்பளச் சிட்டையைப் பார்த்தேன். பேர் 11, அதாவது முழுச் சம்பளம் விழுந்த நாள் பதினொன்றுதான். வழக்கமாக 19, 20 விழும். சுகமில்லையா என்று கேட்டேன். "நான் நல்லாத்தான் இருந்தேன், மலைதான் இல்ல" என்றார். கொழுந்தெடுக்க மலையில் வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டும் மெஷின் வந்துவிட்டது. முதுகில் பேட்டரி, கையில் பல்லுப்பல்லாக ஒரு கத்தி, பின்னால் தொங்கும் துணிப்பை. ஆறு பொடியன்களிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது பெண்கள் நிரை பிடித்து ஒரு நாள் முழுக்க எடுக்கும் மலையை அவர்கள் மத்தியானத்துக்குள் வழித்துவிடுகிறார்கள். பெண்களில் சிலருக்கு மூட்டை சுமக்கிற வேலை கிடைக்கிறது. மற்றவர்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பேர் கிடைக்காமல் திரும்பி வருகிறார்கள்.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் பட்டு, தலையில் கயிறு இழுக்கக் கூடை சுமந்து, அம்மாவின் கழுத்து இப்போது ஒரு பக்கம் சரியாகத் திரும்புவதில்லை. அந்தக் கூடையைக் கழற்றி வைக்க ஒரு வழி இருந்தால் வரட்டும். இளசுகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், ஆள் இல்லை என்று கம்பனிகள் சொல்வதும் பொய் இல்லை. நானே அப்படிப் போனவன்தான்.

நான் கேட்பது வேறு. மெஷின் பிடிப்பவருக்கு 50 கிலோ எடுத்தால்தான் ஒரு பேர் என்று எங்கள் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த 50 எங்கிருந்து வந்தது? யார் யாரோடு பேசி முடிவெடுத்தார்கள்? எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவருக்கே தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் அவரும் கேட்டிருக்கிறார்.

நீங்கள் ரூபாய்க்காகப் போராடினீர்கள், மறுக்கவில்லை. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா வந்தது, 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. ஆனால் அந்த 1,000 வந்த கையோடு, கம்பனிகளும் சங்கங்களும் போட்டுவந்த கூட்டு ஒப்பந்தம் போய்விட்டது. கிலோவைப் பற்றி உட்கார்ந்து பேச இருந்த ஒரே மேசை அதுதான். சம்பள நிர்ணய சபை ரூபாயைச் சொல்லும். எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பது அன்றைக்கு மடுவத்தில் சொல்வதுதான். கையால் எடுக்கும்போதே பல தோட்டங்களில் 18 கிலோ 20 ஆனது. இப்போது கத்தி வந்தபிறகு அது எங்கே போய் நிற்கும்? சம்பளத்தை உயர்த்தி கிலோவையும் உயர்த்தினால், கூடின காசு யார் கைக்குப் போகிறது என்று கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டாம்.

ஸ்டோரிலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலும், இதே கதைதான். முன்பு காய்ந்த தேயிலையில் காம்பு பொறுக்க வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் மெஷின் அந்தக் காம்பைத் தானாகவே ஊதித் தள்ளுகிறது. மலையில் கத்தி காம்போடு சேர்த்து வெட்டுகிறது, ஸ்டோரில் இன்னொரு மெஷின் அந்தக் காம்பைப் பிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெண்களின் கை தேவைப்படாமல் போகிறது. மெஷின் பழக்க ஒரு பெண்ணையாவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தேன். இல்லை.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆளைச் சும்மா நிறுத்த முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, யாரும் நிறுத்தவில்லையே! பேரைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். மாதம் பதினொரு பேர் விழுந்தால் ஆள் தானாகவே விலகிவிடுவார். பக்கத்து டிவிஷனில் செடிகளைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுத்து, எடுக்கிற கிலோவுக்குக் காசு என்கிறார்கள். ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி போடும் 12 வீதம் அதில் கிடையாது.

கொழும்பில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். நாங்கள் இருப்பது கம்பனிக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும் என்ற பயத்தில்தான் அம்மா இந்த 57 வயதிலும் மலை ஏறுகிறார். நாங்கள் வந்து 200 வருடம் என்று 2023இல் மேடை போட்டுப் பேசினோம். இன்னும் எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்குக்கூட காணி உறுதிப் பத்திரம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மெஷின் பேச்சும் காணிப் பேச்சும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோவில் கொழுந்து வெட்டும் மெஷின்களைக் கொளுத்தினார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த ஆத்திரம் வரக்கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாயைக் கேட்பதற்கு முன் கிலோவைக் கேளுங்கள். ஒரு பேருக்கு மெஷினுக்கு இத்தனை கிலோ, கைக்கு இத்தனை கிலோ, மழைக்காலத்துக்கு இத்தனை கிலோ என்று எழுத்தில் வாங்குங்கள். மாதத்துக்கு இத்தனை பேர் கட்டாயம் தரவேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். பெண்களுக்கும் மெஷினைப் பழக்கச் சொல்லுங்கள். முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தனுக்கு ஜனவரியில் மாலை போடும்போது, 1940இல் அவர் பொலிஸ் சூட்டில் உயிர்விட்டது சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில்தான் என்பதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேர் 11 விழுந்த அந்தச் சிட்டையிலும் சங்கச் சந்தா ஒழுங்காகக் கழிந்திருக்கிறது. பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கொழுந்து நிறுக்கிற மூன்று நேரமும் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

இப்படிக்கு,
டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒருவரின் மகன்