கேட்டுவிட்டுப் பாடுங்கள்

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரைப் பங்குகளின் பங்குத்தந்தையருக்கும், பங்குப்பேரவையினருக்கும், கரோல் குழுவினருக்கும்,

இயேசுவுக்குப் புகழ்.

நவம்பர் பிறந்ததும் மைக் செட்டுக்குச் சொல்லிவைப்பீர்கள், கரோலுக்கு நாள் குறிப்பீர்கள். அதற்கு முன்பே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரட்டும் என்று எழுதுகிறோம். ஊரே கொண்டாடுகிற கிறிஸ்துமஸ் பாட்டு, ஆளை இழந்த சில வீடுகளில் அழுகையாக இறங்குகிறது. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. போடுகிற விதத்தை மாற்றச் சொல்கிறோம்.

நம் கரைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில்தான் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் சுனாமி வந்து கடல் ஏறியது. ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கரை திரும்புவது வழக்கம் என்பதால், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டாலே ஆள் வீடு வரும் காலம் என்று அர்த்தம். ஆள் வராத வீட்டிலும் பாட்டு வந்துவிடுகிறது.

நாள்தோறும் கேட்கிற பாட்டு பழகிப்போய் மழுங்கிவிடும். ஆண்டில் நான்கு வாரம் ஒலித்துவிட்டு மீதி நாளெல்லாம் ஓய்ந்து கிடக்கிற பாட்டு மழுங்குவதில்லை. போன டிசம்பரில் ஸ்டாருக்குக் கம்பு நட்டது யார், முந்திரிக்கொத்தை ஆறுமுன்னே எடுத்துத் தின்றது யார் என்று அத்தனையும் அதற்குள் அப்படியே இருக்கும். இதில் நெஞ்சை அடைப்பது சோகம் மட்டுமல்ல, எதிர்பாராமை. பூசைக்குப் போய் உட்கார்ந்து கேட்கும்போது அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். விடியுமுன் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கையில் கோயில் ஒலிபெருக்கியின் கூம்புக் குழாயிலிருந்து அதே பாட்டு திடீரென்று வந்து விழுந்தால், கதவைச் சாத்தியும் தப்ப முடியாது.

ஆகவே குழாயிலிருந்து தொடங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழா நாள்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை, அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான், மாநில அரசு தளர்த்தலாம். அதிகாலைப் பாட்டுக்கு அதில் இடமே இல்லை. சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்பதற்காகச் சொல்கிறோம். பகலில் போடுவதானால் நேரம் குறித்து அரை மணி போடுங்கள், அந்த நேரத்தை ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். அந்த அரை மணி கேட்க முடியாதவர்கள் அக்காள் வீட்டுக்கோ கடைக்கோ போய்வருவார்கள். குழாயின் வாய் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். துக்க வீட்டுக்கு நேராக இருந்தால் திருப்பிக் கட்டப் பத்து நிமிடம் போதும்.

“அமைதியாகப் போட்டால் கிறிஸ்துமஸ் களை வருமா?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். திருவருகைக் காலத்தில் இசைக்கருவிகளை அடக்கமாகப் பயன்படுத்த வேண்டும், பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்தக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 313ஆம் எண்ணில் சொல்லியிருக்கிறது. டிசம்பர் முதல் தேதியே ட்ரம்மை எடுப்பது நாமாகச் செய்துகொண்ட அவசரம்.

அடுத்தது கரோல். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் தவறு நடக்கிறது: சாவு விழுந்த வீடு, ஸ்டார் போடவில்லை, தொந்தரவு வேண்டாம் என்று கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டு அடுத்த வீட்டில் தொடங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஊர் நம்மைக் கழித்துவிட்டது என்ற நினைப்பு அழுகையைவிடக் கொடுமையானது. எனவே நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்றே அன்பியங்களின் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களின்) பொறுப்பாளர்கள் ஒரு ஏட்டில் எழுதத் தொடங்கட்டும். அந்த ஆண்டு இறப்பு நடந்த வீடுகள், கடலில் காணாமல் போனவர்களின் வீடுகள் (எத்தனை ஆண்டானாலும்), பிள்ளையை இழந்த வீடுகள். பிறகு ஒரு பெண் பொறுப்பாளர் நேரில் போய்க் கேட்கட்டும்: உள்ளே வந்து பாடவா, முற்றத்தில் நின்று ஒரு பாட்டு மட்டும் பாடவா, இந்த ஆண்டு ஜெபம் மட்டும் சொல்லிப் போகவா? வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், “சரி” என்று ஒரு வார்த்தை வரும், அதை நம்ப முடியாது. கரோலுக்கு முந்தைய நாள் மறுபடியும் கேளுங்கள். மனது மாறியிருக்கும், இரண்டு பக்கமும் மாறும்.

வரச் சொன்ன வீட்டுக்கு நாற்பது பேர் நுழையக் கூடாது. எட்டுப் பத்துப் பேர் போதும். ட்ரம், பட்டாசு, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் தெருமுனையில் நிற்கட்டும். நன்கொடை ரசீதுப் புத்தகமும் அங்கேயே நிற்கட்டும், தயவுசெய்து. ஒரு கித்தார், ஒரே பாட்டு, மூன்று நிமிடம். வழக்கமான சுருதியிலிருந்து இரண்டு கட்டை இறக்கி, மெதுவாக எடுங்கள். அழுகை முட்டும்போது தொண்டை திறக்கப் பார்க்கும், விழுங்கினால் மூடப் பார்க்கும். அந்த இழுபறிதான் உருண்டையாக நிற்கிறது. அந்த நிலையில் மேல் ஸ்தாயி வராது. தாழ்ந்த சுருதியானால் வீட்டிலுள்ளவர்களும் முணுமுணுத்துச் சேர்ந்துகொள்ள முடியும்.

ஜெபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். வேதனைப்படுவார்கள் என்று பெயரை விழுங்குவதுதான் அதிகம் வேதனை தருகிறது. காணாமல் போனவரின் வீட்டில் மட்டும் கவனம் வேண்டும். உடல் கிடைக்காத இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று தனியாகப் பிரித்து ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். இருக்கிறாரா இல்லையா என்ற இரண்டும் ஒரே மனதில் இருக்கும். ஒன்றை மட்டும் பிடி என்று வெளியாள் நெருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். “ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டு அம்மா எந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறாரோ அதையே சொல்லுங்கள்.

பாடகர் குழுவுக்குள்ளேயும் இழந்தவர்கள் இருப்பார்கள். தனிப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள், கண்ணசைவிலேயே மாறிக்கொள்ளும்படி. குரல் உடைந்தால் ஒரு சரணம் வாய் மூடி முனகலாம், மூச்சை நீளமாக விடலாம், ஓரத்தில் நிற்பவரானால் சத்தமின்றி வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரலாம். அதற்காகவே அவர்களை ஓரத்தில் நிறுத்துங்கள். அப்பாவை இழந்த குழந்தையை, ‘பாடினால் ஆறுதலாக இருக்கும்’ என்று முன்வரிசைக்குத் தள்ளாதீர்கள். ஸ்டார் பிடிக்கிறாயா, பாடுகிறாயா என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள்.

மேலைநாட்டுத் திருச்சபைகள் சிலவற்றில் டிசம்பர் 21 அளவில் துயரப்படுவோருக்கென்று தனி வழிபாடு வைக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. நம் ஊர்களில் அது ‘அழுகிறவர்கள் பூசை’ என்று பெயர் வாங்கும், யாரும் வர மாட்டார்கள். அதைவிட டிசம்பர் 25 முடிகிற நள்ளிரவு முதல் 26 மாலை சுனாமி நினைவுத் திருப்பலி முடியும்வரை குழாயில் திரைப்பாட்டும் கரோலும் வேண்டாம் என்று பேரவையில் ஒரு தீர்மானம் போடுங்கள். செலவில்லை.

ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, செத்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது என்றால் அதைப் பாட்டின் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள். 14416 என்பது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அன்பிய ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து ஸ்டாரை இறக்கும்போது அந்த ஏட்டைப் பழைய தாளோடு போட்டுவிட வேண்டாம். எந்த வீட்டில் எந்தப் பாட்டு ஒத்துவரவில்லை, எந்த வீடு அடுத்த ஆண்டு உள்ளே வாருங்கள் என்றது என்று எழுதி, பங்குத்தந்தை மாறினாலும் கிடைக்கும்படி கோயில் அலமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழுக்களிலும் துக்க வீடுகளிலும் பழகிவரும் சிலர்