குழு வேண்டாம், முறுக்கு பிழியக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதப் பக்கத்தில் அன்பர் ஒருவர், சின்னச் சின்ன கிறிஸ்தவச் சபைகளில் போய்ச் சேர்ந்துவிட்ட நம் இந்து ஆட்களை வீடு வீடாகத் தேடிப் போய்த் தாய்மதத்துக்குத் திருப்பிக் கூட்டிவர ஒவ்வொரு கோயிலும் ஒரு குழு அமைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு சபையில் 32 வருஷம் இருந்துவிட்டு, 4 வருஷத்துக்கு முன்னால் வெளியே வந்தவள் நான். குழுவாக வந்து கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கைப்பிரதிக் கட்டோடு இங்கே பினாங்கு மாநிலத்தில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் எத்தனையோ ஃபிளாட் வீடுகளின் கதவை நானே தட்டியிருக்கிறேன். பாதிப் பேர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆள் இல்லாத மாதிரி இருந்துவிடுவார்கள். எங்களுக்கும் தெரியும். அவர்களுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த மாடிக்குப் போவோம்.

முதலில் நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது எனக்கு 7 வயது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், பதினேழாம் நாள் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தது சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள்தான், 5 கிலோ அரிசியும் ஒரு மைலோ டின்னும் எடுத்துக்கொண்டு. ஒரு வருஷம் வாராவாரம் வந்தார்கள். அம்மாவுக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அவர்கள்தான். இன்னொன்றும் உண்டு, இதை அம்மா என்னிடம் சொன்னது நான் பெரியவளான பிறகு. அந்தச் சபையில் எந்தப் பெண்ணும் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை, நகை போடுவதில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் அம்மா தாலியறுத்தவள் என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் ஓரமாக நில் என்றவர்கள், காலையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாரும் அன்பர் சொல்கிற தாய்மதத்து ஆட்கள்தான். 27 வயதில் புருஷனை இழந்த ஒரு பெண் மற்றப் பெண்களைப் போலவே இருக்க முடிந்த ஒரே இடம் அதுவாக இருந்தது. குழு அமைப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அரிசிக்குப் பின்னாலேயே சட்டங்களும் வந்தன. டிவி கூடாது, சினிமா கூடாது, பள்ளியில் நடனம் கூடாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்கும் பலகாரத்தைத் தொடக்கூடாது, அது படைத்தது. வாங்காவிட்டால் அவர்கள் மனம் கோணுமே என்று அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார், அவர்கள் தலை மறைந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். நெய் உருண்டை வாசம் அந்த முடிச்சையும் மீறி வரும். நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் பத்தில் ஒன்று சபைக்குத் தசமபாகம். டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு. வெளியே இருப்பவர்கள் அத்தனை பேரும் உலகத்தார், இயேசு விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்பட மாட்டார்கள். பள்ளி விட்டு வந்து வீட்டில் அம்மா இல்லையென்றால், வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அம்மா சீனி வாங்கக் கடைக்குப் போயிருப்பார்.

நம் மலேசிய அரசியலமைப்பில் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பார்கள் என்று 12(4) பிரிவு சொல்கிறது. அதற்கப்புறம் அவரவர் பாடு. (முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம் தனி, நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி.) அவரவர் பாடு என்கிற சேதி எனக்கு வந்து சேர 39 வயதாகிவிட்டது.

வெளியே வந்த கதையில் பெரிய நாடகம் ஒன்றும் இல்லை. ஃபேக்டரியில் இரவு ஷிப்டில் மயங்கி விழுந்தேன், சர்க்கரை 18 மில்லிமோலுக்கு மேல். சபையில் சொன்னபோது எனக்காக உபவாச ஜெபம் ஏற்பாடு பண்ணினார்கள், என்னையும் சேர்த்து உபவாசம் இருக்கச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளிக்கு உபவாசம்! கூட வேலை செய்யும் ஒரு மலாய்க்கார அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன், டாக்டர் பார்த்தார், மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். அந்த மாத்திரையை யாரோ என் கைப்பையில் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சபை முன்னால் எழுந்து நின்று மனந்திரும்பி சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், ஒன்றும் சொல்ல வரவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவள். என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. 32 வருஷத்துப் பழக்கம் அத்தனையும் ஒரே வாரத்தில் போய்விட்டது, கைப்பேசியில் இருந்த எண்களில் முக்கால்வாசியை இனிமேல் அழைக்க முடியாது.

வெளியே வந்ததும் எனக்கு வந்த முதல் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமைதான். காலை 5 மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். காலை ஆராதனை, மத்தியானம் வாலிபர் கூட்டம், சாயந்தரம் மறுபடியும் என்று ஓடிய நாள், இப்போது சும்மா கிடந்தது. குளித்துச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்வது? மூன்றாவது வாரம் சாய் லெங் பார்க் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு ரொட்டி சானாயை ஒன்றரை மணி நேரம் வைத்துத் தின்றுகொண்டு, உலகத்தார் ஞாயிற்றுக்கிழமையில் என்னதான் செய்கிறார்கள் என்று வேவு பார்த்தேன். மீன் வாங்குகிறார்கள். பிள்ளைகளை அதட்டுகிறார்கள். வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பிரச்சினை பணம். என் சம்பளம் அப்போது ஓவர்டைம் சேர்த்து 2,400 வெள்ளி. சம்பளம் போட்ட அன்றே 240 வெள்ளியை எடுத்து வைத்துக் கைக்குப் பழகிவிட்டது, அதைச் செலவு பண்ணினால் திருட்டு மாதிரி இருந்தது. நான்கு மாதம் எடுத்து ஒரு உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்தேன். கடைசியில் கடவாய்ப் பல் வலி பொறுக்க முடியாமல் அதில் பாதியைப் பல் டாக்டருக்குக் கொடுத்தேன். மிச்சத்தில் ஒரு ஜோடி சின்னத் தோடு.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடையில் காது குத்திக்கொண்டேன். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை, ஊரைக் கூட்டி அழுதது, அதற்கு அடுத்து நான். கடைக்காரர் என் காதைப் பார்த்துவிட்டு, "தூர்ந்து போச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். ஒரு வாரம் காது வீங்கிக் கிடந்தது. ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வீட்டுக் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தபோது அப்பாவின் தங்கை மாதிரியே இருந்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது சில நாள் வைப்பேன், சில நாள் மறந்துவிடுவேன். அம்மாவைப் பார்க்கப் போகும்போது எடுத்து ஹேண்ட்பேக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு முதல் நாள், தேர் பார்க்கப் போனேன். சபையில் அன்றைக்குத்தான் முழு நாள் ஜெபம் நடக்கும், மேளச் சத்தம் காதில் விழாமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவார்கள். ரோட்டில் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருந்தது, சீனர்களும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பையன் ஐஸ் போட்ட சிராப் கப்பை நீட்டினான். படைத்ததா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, குடித்தேன். சீனி அதிகம், எனக்கு ஆகாது. மறுநாள் வாட்டர்ஃபால் ரோட்டு முருகன் கோயிலில் 513 படி ஏறலாம் என்று போய்ப் பாதியில் திரும்பிவிட்டேன். பக்தி குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம், முட்டி வலி.

இதையெல்லாம் கேள்விப்பட்டதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அத்தை ஒரு சின்ன வேல் கொடுத்து அடுத்த வருஷம் பால்குடம் எடு என்றார். தூரத்து மாமா ஒருவர், பழைய சுயமரியாதைக்காரர், பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தபோது பினாங்கில்தான் வந்து இறங்கினார் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்பவர், ஒரு கட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் படித்தாயா என்று பரீட்சை வைத்தார். இன்னொரு சபைக்கார அம்மா, எங்கள் சபை அந்த மாதிரி இல்லை, ஒருதரம் வந்து பார் என்றார். மூன்று பேரும் நல்லவர்கள், ஆனால் மூன்று பேர் வீட்டிலும் பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு போட்டார்கள்.

ஃபாரம் நிரப்பும்போது மதத்துக்கு ‘அகாமா’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ஒருமுறை கிறிஸ்தவர் என்று எழுதினேன், ஒருமுறை இந்து, ஒருமுறை லாய்ன்-லாய்ன், அதாவது மற்றவை. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளியில் நம் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்லும்போது முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்தான், அதை எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னவள் நான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதமில்லை, தெரியவில்லை என்கிற இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்த்து 1.8 விழுக்காடு என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. எனக்கும் இப்போதைக்கு இல்லையா, தெரியவில்லையா என்று பிரித்துச் சொல்ல வராது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் சங்கீதம்தான் வாயில் வருகிறது, கை தவறிப் பாத்திரம் விழுந்தால் ஸ்தோத்திரம் என்கிறேன். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவதையும் விடவில்லை. யாருக்கு நன்றி சொல்கிறாய் என்று மாமா கேட்டார். இன்னும் முடிவு பண்ணவில்லை மாமா, மீன் நன்றாக இருக்கிறது என்றேன்.

இடி இடித்தால், வருகைதானோ என்று இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு ராத்திரி தாங்க முடியாமல், மனம் விட்டுப் பேச ஆள் தேடுகிறவர்களின் போனை எடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்குப் போன் பண்ணினேன், கோலாலம்பூரில் 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். கடைசி வரைக்கும் நான் எந்த மதம் என்று கேட்கவே இல்லை. இந்த மாதிரி வெளியே வந்து தனியாகக் கிடப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, அன்பருக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் உதவியது கீழ்மாடி அக்கா ஒருவர். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கதவைத் தட்டி, "மகள் சிங்கப்பூரிலிருந்து வர லேட்டாகுமாம், முறுக்கு பிழிய ஆள் இல்லை, கொஞ்சம் வாயேன்" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பிழியத் தெரியாது. அச்சில் மாவை அடைத்து நான் அழுத்தினால் பாதியில் அறுந்து அறுந்து விழுந்தது, மாவு கெட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளி என்றார். பத்தாவது வட்டம் ஓரளவு வட்டமாக வந்தது. எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம், அதைக் காதால் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். அறுந்த துண்டுகளையெல்லாம் சுடச்சுட நானே தின்றேன், 40 வயதில் முதல் தீபாவளி முறுக்கு. அவருக்கு என் கதை தெரியாமல் இல்லை, ஃபிளாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுக்குப் போகும்போது ஒரு டின் கொடுத்து, "டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார்.

கோயில் குழுவில் இப்படி டின் கொடுக்கிற ஆள் யாராவது இருந்தால் அமைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சபைக்குள் இருப்பவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது. பதினேழாம் நாள் யார் வீட்டில் ஆள் இல்லையோ அங்கே போங்கள்.

ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரும் நான் குடியிருக்கும் தாமான் பெயரும் வேண்டாம், பிறை வாசகி என்று போட்டால் போதும். அம்மா இன்னும் அந்தச் சபையில்தான் இருக்கிறார், பத்திரிகை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இல்லாததால் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார். முதலில் மரண அறிவித்தல் பக்கம், அப்புறம் வாசகர் கடிதம். என்னோடு சாப்பிடக்கூடாது என்பதால் புதன்கிழமைகளில் வந்து சமைத்து மட்டும் வைத்துவிட்டுப் போகிறார். போன வாரம் நான் தட்டு போடும் வரைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகவில்லை என்று நின்றுகொண்டிருந்தார்.

இப்படிக்கு,
பிறை வாசகி